நிழலா, கடிகாரமா?

ஒரு சிறு புதிர். ஆவடியில் ஒருவர் சித்திரை முதல் நாளன்று வெட்டவெளியில் ஒரு கோலை நட்டு, அதன் நிழலை நோக்குகிறார். நிழல் மிகக் குறுகும் வேளையே நண்பகல். அவ்வேளையில் அவருடைய கடிகாரம் பன்னிரண்டைக் கடந்து ஏறத்தாழ 10 நிமிடம் காட்டுகிறது. அதுவோ வானொலி நேரத்தோடு ஒத்து வைக்கப்பட்டது. பிழை எதில்?

கணக்கே விடை கூறும். பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியப் பொது நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஆவடி இருப்பதோ ஏறத்தாழ 80.1 பாகையில். வேறுபாடு 2.4 பாகை, நான்கால் பெருக்க, 9.6 நிமிடம். இதைக் கூட்டுவதா, கழிப்பதா? பலர் தடுமாறும் இடம் இதுவே. ஆவடி மேற்கே இருப்பதால் கதிரவன் அங்கே பிந்தியே உச்சிக்கு வருவான். ஆகவே கூட்டல் வேண்டும்.

சித்திரை முதல் நாளைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கதிரவன் ஆண்டு முழுதும் கடிகாரம்போல் சீராக நடப்பதில்லை. ஏப்ரல் நடுவில் அவ்வேறுபாடு இல்லை எனலாம். நவம்பர்த் தொடக்கத்திலோ 16 நிமிடம் முந்துவான். அப்பொழுது ஆவடியின் நண்பகல் பன்னிரண்டுக்கு முன்னரே வந்துவிடும்.

ஊருக்கோர் நேரம் இருப்பின் இரயில் ஓடுவது எங்ஙனம்? இராயபுரத்திலிருந்து ஆவடி வழியே இருப்புப்பாதை 1856-இல் திறக்கப்பெற்றது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வு நிலையத்தின் சென்னை நேரத்தையே பின்னாளில் இந்திய இரயில்கள் பின்பற்றின. 1906 சனவரி 1 முதல் பொது நேரம் வந்தது; அது சென்னை நேரத்தினும் 9 நிமிடம் முந்தியது.

ஆகவே, பிழை எதிலும் இல்லை. நிழல் காட்டுவது ஆவடியின் நேரம். கடிகாரம் காட்டுவது நாட்டின் நேரம். எந்த நேரத்தைக் கேட்கிறார்கள் என்று முதலில் தெளிந்துகொண்டால், புதிரில் பாதி அவிழ்ந்துவிடும்.