காலி வரிசையை நம்பலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலைகளின் சோதனைக்கூடத்துக்கு, உலையில் அள்ளிய குழம்பு ஒரு வில்லையாக உறைந்து வரும். அதன் முகத்தைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பொறி தட்டினால், கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். அந்த எண்ணை எதைக் கொண்டு நம்புவது? அதற்காகவே சான்றிதழோடு வாங்கிய இன்னொரு வில்லை உண்டு. அதில் என்ன இருக்கிறது என்பது முன்பே தெரியும். அது சரியான எண்ணைக் காட்டினால்தான் மற்ற வில்லையின் எண்ணுக்கு மதிப்பு.

உயிரியல் ஆய்வகத்தில் வெஸ்டர்ன் பிளாட் என்றொரு சோதனை உண்டு: ஒவ்வொரு சாம்பிளின் புரதங்களையும் ஜெல்லில் தனி வரிசையாக ஓடவிட்டுப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஆன்டிபாடி கொண்டு பட்டையாகக் காண்பது. அந்தச் சோதனையிலும் இப்படி ஒரு ‘தெரிந்த வில்லை’ உண்டு. கன்ட்ரோல் சாம்பிள் என்பார்கள். மோட்டார் புரதங்களை வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்களின் மேல், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, அடிக்கு 8 நானோமீட்டராக நடந்து சரக்கு சுமக்கும் புரதம் கைனசின். 1985-ல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் நம் நரம்பிழையிலும் இதே வேலைதான் நடக்கிறது. கேஐஎஃப்5ஏ என்ற கைனசின் மரபணு பழுதானால் கால்கள் விறைத்து நடை தடுமாறும் பரம்பரை நோய் வரும்.

நம் நாட்டில் இந்தத் துறைக்குப் பெயர் சேர்த்தவர் ரூப் மல்லிக். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது அவருடைய குழு எலியின் ஈரலை ஆராய்ந்தது. வயிறு நிறைந்த எலியின் ஈரலில் கைனசின், கொழுப்புத் துளிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைச் செல்லின் ஓரத்துக்கு இழுத்துப் போகிறது. ரத்தத்துக்குக் கொழுப்பு போவது இதன் தொடர்ச்சிதான். பட்டினி கிடந்தால் துளிகளின் மேல் கைனசின் குறைந்துவிடுகிறது. இதற்குப் பின்னால் இன்சுலின் இருக்கிறது என்று 2019-ல் வெளியிட்டார்கள். அருமையான வேலை.

இத்தகைய கேள்வியை ஒரு மாணவர் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்ட எலியின் வரிசையில் அழுத்தமான பட்டை, பட்டினி எலியின் வரிசையில் ஒன்றுமில்லை. கைனசின் நிஜமாகவே இல்லையா? புரதத்தைக் குறைவாக ஊற்றியிருந்தாலும் இப்படித்தான் வரும். இரண்டு வரிசையுமே காலி என்றால் சந்தேகம் இன்னும் கூடும்: ஆன்டிபாடி வீரியம் இழந்ததா, புரதம் ஜெல்லை விட்டு மெம்பிரேனுக்கு வரவே இல்லையா? கைனசினின் கனச்சங்கிலி சுமார் 120 கிலோடால்டன். டைனீன் என்ற இன்னொரு மோட்டாரின் கனச்சங்கிலியோ 500-ஐத் தாண்டும். அவ்வளவு பெரியது ஜெல்லிலேயே தங்கிவிடுவது சகஜம்.

ஆகவே பக்கத்திலேயே, புரதம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சாம்பிளை ஓடவிட வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஹெச்ஈகே293 செல்களின் சாறு: ஒரு குப்பியில் கைனசின் மரபணுவை ஏற்றிய செல்கள், இன்னொன்றில் அந்த மரபணு இல்லாத வெறும் வெக்டர் ஏற்றியவை. முதலாவதில் பட்டை வந்து இரண்டாவதில் வராவிட்டால் ஆன்டிபாடி வேலை செய்கிறது. ஆனால் இதை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. அளவுக்கு மீறிப் புரதம் நிறைந்த சாற்றில் மட்டமான ஆன்டிபாடிகூடப் பளிச்சென்று பட்டை காட்டும். இயற்கையான அளவில் கைனசின் உள்ள மூளைத் திசுவும் கூடவே ஓட வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே அளவு ஊற்றினோமா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். முழுச் செல்லின் சாறு என்றால் ஆக்டின் போதும். கொழுப்புத் துளியை மட்டும் பிரித்தெடுத்திருந்தால், துளிக்கே உரிய புரதம் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் மிச்சம், வரிசை மிச்சம் என்று கன்ட்ரோலை விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கான உழைப்பைப் பறிகொடுக்கும் வழி அது.

திருவள்ளூர் வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுண்குழாய்களின் புரதமான டியூபுலினைப் பிரித்தெடுக்க இந்திய ஆய்வகங்கள் பல ஆட்டு மூளையைத்தான் பயன்படுத்துகின்றன. கைனசினும் அதில் தாராளம். கறிக்கடையில் அப்போதே எடுத்த மூளையை ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்து அரைத்து, சுழற்றித் தெளிவை எடுத்து, சாம்பிள் பஃபர் கலந்து, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். உறைந்து உருகி மீண்டும் உறைந்தால் புரதம் கெடும். ஆகவே ஒருமுறைக்கு ஒன்றாகச் சிறு குப்பிகளில் பிரித்து உறையவையுங்கள். உங்கள் ஆன்டிபாடி ஆட்டின் கைனசினை அடையாளம் காண்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்து மாணவர்களின் முதல் பிளாட்டிலேயே இந்த மூளைச் சாற்றுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள்.