பெர்சியுஸின் முதல் அங்கதம்: வாழ்க்கைக் குறிப்பும் பாடச் சான்றும்

முன்னுரை

ஹொரேஸ், பெர்சியுஸ், ஜுவெனால் ஆகிய உரோமானிய அங்கதக் கவிஞர் மூவருள் மிகக் குறைவாக எழுதியவர் பெர்சியுஸ். அவருடைய கவிதைகளோடு பழைய வாழ்க்கைக் குறிப்பொன்றும் சுவடிகள் வழியே வந்துள்ளது. முதல் அங்கதத்தில் செய்யப்பட்டதாக அக்குறிப்பு கூறும் திருத்தத்தைக் கவிதையின் அமைப்போடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் படைப்பும்

அக்குறிப்பின்படி, பெர்சியுஸ் கி.பி. 34 டிசம்பர் 4 அன்று எத்ரூரியாவின் வொலாத்தெர்ரே நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 12ஆம் வயதுவரை பிறந்த ஊரிலும் பின்னர் உரோமிலும் கல்வி பயின்றார். 16ஆம் வயதில் ஸ்தோயிக் மெய்யியலாளர் கொர்னூட்டுஸின் மாணவரானார். ஐந்தாம் அங்கதம் அவ்வாசிரியர்பால் கொண்ட நன்றியைப் புலப்படுத்துகிறது. கி.பி. 62 நவம்பர் 24 அன்று, 28 வயது நிறைவதற்குள் பெர்சியுஸ் மறைந்தார். ஏறத்தாழ 650 அடிகள் கொண்ட ஆறு அங்கதங்களும் 14 அடிச் சிறு பாடலொன்றுமே அவர்தம் படைப்புகளாக எஞ்சியுள்ளன. மாணவர் விட்டுச்சென்ற பணத்தை ஏற்காத கொர்னூட்டுஸ், ஏறத்தாழ 700 நூற்சுருள்களை மட்டும் பெற்றுக்கொண்டார். கவிதைகளைச் சற்றே செப்பனிட்டார். நண்பர் கேசியுஸ் பாஸுஸ் அவற்றை வெளியிட்டார்.

திருத்தம் பற்றிய செய்தி

முதல் அங்கதம் அக்கால உரோமின் போலி இலக்கியச் சுவையைச் சாடுகிறது. அதன் பிற்பகுதியில் கழுதைக் காது முளைத்த மிடாஸ் அரசனின் கதை நிழலாடுகிறது. பெர்சியுஸ் முதலில் மிடாஸின் பெயரையே எழுதியிருந்தார் என்றும், அது தன்னைச் சுட்டுவதாக நீரோ கருதக்கூடும் என்று அஞ்சிய கொர்னூட்டுஸ், கழுதைக் காது இல்லாதவர் எவர் என்னும் பொருள்பட அவ்வடியை மாற்றினார் என்றும் குறிப்பு உரைக்கிறது.

பாடச் சான்று

கவிதையின் அமைப்பு இச்செய்திக்கு இடந்தருவதாக இல்லை. எட்டாம் அடியில், உரோமில் எவர்தாம் இல்லாதவர் என்னும் போக்கில் எழும் வினா முற்றுப்பெறாமல் நின்றுவிடுகிறது. சொல்லலாமா என்று பேசுபவர் தயங்குகிறார். மிடாஸின் முடிதிருத்துநன் குழி தோண்டி மறைபொருளை உரைத்ததுபோல், அவர் தம் மறைபொருளைத் தம் நூலிலேயே புதைக்கிறார். 121ஆம் அடியில்தான் அவ்வினா நிறைவு பெறுகிறது. அங்கே அரசன் பெயரை இட்டால் எட்டாம் அடியின் வினா நிறைவின்றி நின்றுவிடும். எனவே, வினா வடிவமே கவிஞரின் மூலபாடம் எனக் கொள்வது பொருந்தும். திருத்தச் செய்தியை அறிஞர் பலர் ஐயுறுவதற்கும் இதுவே முதன்மைக் காரணமாகும்.

முடிவுரை

வாழ்க்கைக் குறிப்பை அவ்வாறே ஏற்பின், இவ்வடி ஓர் அரசனைக் குத்திக்காட்டிப் பின் அச்சத்தால் மழுங்கடிக்கப்பட்ட கூற்றாகச் சுருங்கும். பாடச் சான்றை ஏற்பின், உரோம் முழுவதையும் குற்றவாளியாக்கும் கூற்றாக விரியும். குறிப்பும் முற்றிலும் பயனற்றதன்று. பழங்காலத்தவர் இவ்வங்கதத்தை நீரோவோடு இணைத்துப் படித்தமைக்கு அது சான்றாகிறது. ஆயினும், கவிஞர் என்ன எழுதினார் என்னும் வினாவிற்குப் பாடமே முதற்சான்றாதல் வேண்டும்.