கதவிடுக்கில் நுழைந்த தாள்கள்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், எங்கள் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். நாற்பது வயதைக் கடந்தவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவர். இதழ்களுக்குக் கட்டுரையும் சிறுகதையும், திருவிழாவுக்கு நாடகமும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பாடலும், பதிப்பகங்களுக்குப் பக்கக் கணக்கில் மொழிபெயர்ப்புமாக, எந்த அலுவலகத்தையும் சாராது எழுத்தையே நம்பி வாழ்பவர். கையிலிருந்த துணிப்பையை மேசைமேல் வைத்தார்.

“சாமி, இவை திரும்பி வந்தவை. பதிலே வராதவை இதைப்போல் இன்னொரு பங்கு இருக்கும். 2020 ஆம் ஆண்டு நோய்க்காலத்தில் நான் எழுதிவந்த இரண்டு இதழ்கள் நின்றுபோயின. மொழிபெயர்ப்பு வேலையும் அருகிவிட்டது. இந்தப் பேனாவினால் என் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கஞ்சி வார்க்க முடியவில்லை. பாஸ்குத் திருநாளோடு எழுத்தை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.”

நான் உடனே மறுமொழி கூறவில்லை. கூறுவதற்கு எனக்கு முகமும் இல்லை. ஏனெனில், இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் பங்குத் திருவிழாவில் அவர் எழுதிய நாடகந்தான் அரங்கேறியது. பந்தல் போட்டவருக்குக் கூலி கொடுத்தோம், ஒலிபெருக்கி வைத்தவருக்குக் கொடுத்தோம், மேளக்காரருக்கும் கொடுத்தோம். நாடகம் எழுதியவருக்கு ஒரு பொன்னாடை போர்த்திக் கைதட்டினோம். அந்தக் கணக்கேட்டில் கையொப்பமிட்டவன் நானே.

“பையை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், ஞாயிறு திருப்பலிக்குப் பின் பேசுவோம்” என்று அவரை அனுப்பினேன். அன்றிரவு செபம் முடித்து அமர்ந்திருந்தபோது, எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராகத் திருச்சபை தந்துள்ள புனித பிரான்சிஸ் சலேசியார் என் நினைவுக்கு வந்தார்.

1567 ஆம் ஆண்டு சவாய் நாட்டில் உயர்குடியில் பிறந்தவர் அவர். பாரிசிலும் பதுவையிலும் பயின்று சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மகன் பெரும் பதவி வகிப்பான் என்று தந்தை கனவு கண்டிருக்க, அவரோ 1593 இல் குருவானார். மறு ஆண்டு செப்டம்பரில், கத்தோலிக்கர் மிகச் சிலரே எஞ்சியிருந்த சாப்லே பகுதிக்கு, உறவினரான லூயி என்ற குருவுடன் மறைப்பணிக்குப் புறப்பட்டார். தந்தை இதனை விரும்பவில்லை. கையிலே பணமும் இல்லை. அலேஞ்ஜ் என்ற குன்றுக்கோட்டையில் இரவு தங்கி, பகலில் தோனோன் நகருக்கு நடந்து சென்று போதித்துத் திரும்புவது அவருடைய வழக்கமாயிற்று. குளிர்காலத்திலும் அந்நடை நிற்கவில்லை.

கேட்க வந்தவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவருடைய பிரசங்கத்துக்குச் செல்வதில்லை என்று நகரப் பெரியோர் தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டிருந்தனர். மாதங்கள் கழிந்தன, கோவில் நிறையவில்லை. வேறொருவராயின், ‘இம்மக்கள் கேளாச் செவியினர்’ என்று பாதத் தூசியைத் தட்டிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். சலேசியாரோ, ‘அவர்கள் என்னிடம் வரமாட்டார்களாயின், என் சொல் அவர்களிடம் செல்லட்டும்’ என எண்ணியவர்போலப் பேனாவைக் கையிலெடுத்தார். 1595 தொடக்கத்தில், கூற விரும்பியவற்றைத் தனித்தாள்களில் எழுதலானார். அத்தாள்கள் படியெடுக்கப்பட்டு வீடு வீடாகச் சென்றன. கதவிடுக்குகளின் வழியே உள்ளே நுழைந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. யார் எடுத்தார், யார் படித்தார், யார் அடுப்பிலிட்டார் என்று எழுதியவருக்குத் தெரியாது. ஆயினும் எழுதினார். சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டில் பெரும் மாற்றம் உண்டாயிற்று. அது தாள்களால் மட்டும் விளைந்ததன்று. அரசின் செல்வாக்கும் அதில் இருந்தது. எனினும், மூடிய கதவுகளுக்குள் முதலில் நுழைந்தவை அத்தாள்களே.

இதில் எழுத்தாளர் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அத்தாள்கள் ஒரு நூலாக வெளிவந்ததைச் சலேசியார் தம் கண்களால் காணவில்லை. அவர் 1622 டிசம்பர் 28 இல் லியோன் நகரில் இறைவனடி சேர்ந்தார். அந்த எழுத்துக்கள் நூலுருப் பெற்றதோ 1672 இல். அதாவது ஐம்பது ஆண்டுகள் கழித்து! விதைத்தவனே அறுக்க வேண்டும் என்ற கட்டாயம் விண்ணரசில் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அவருடைய நூல்களில் பெரும்புகழ் பெற்றது, இறைப்பற்று வாழ்வுக்கு வழிகாட்டியாக 1609 இல் வெளிவந்த நூல். அதனை அவர் உலகுக்கென எழுதத் தொடங்கவில்லை. தம் உறவினர் ஒருவரின் மனைவியாகிய ஓர் இல்லத்தரசிக்கு, குடும்பத்தின் நடுவே புனிதமாக வாழ்வது எவ்வாறென்று எழுதிக்கொடுத்த குறிப்புகளே அவை. அவற்றைக் கண்ட இயேசு சபைக் குரு ஒருவர் அச்சிடும்படி வற்புறுத்தினார். அப்போது சலேசியார் ஜெனீவாவின் ஆயர். ஆயினும் ஜெனீவாவுக்குள் குடியிருக்க இயலாது, அன்னெசி நகரில் தங்கி, ஓயாத அலுவல்களின் நடுவே எழுதினார். ஒருத்திக்கென எழுதியது உலகெங்கும் எண்ணற்றோர்க்கு உரியதாயிற்று.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் சோர்ந்த எழுத்தாளருக்குக் கூறும் செய்தி ஒன்றே. பாராட்டையும் வாசகர் தொகையையும் நம்பி எழுதுபவனின் ஊக்கம், அவை குறைந்தவுடன் வற்றிப்போகும். ஒரு முகத்தை நினைந்து எழுதுபவனின் ஊக்கம் வற்றாது. மருத்துவமனைத் திண்ணையில் காத்திருக்கும் தாய், வேலையிழந்து வீட்டிலிருக்கும் இளைஞன், கணவனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய கைம்பெண் என்று யாரேனும் ஒருவரை உள்ளத்தில் நிறுத்தி எழுதுங்கள். அவர் ஒருவர் படித்தாலும் அந்தத் தாள் வீணன்று.

“அது சரி சாமி, வயிற்றுக்கு என் செய்வது?” என்று அன்பர் ஞாயிறன்று கேட்டார். நேர்மையான கேள்வி. பட்டினியைப் புண்ணியமென்று போதிக்க எனக்கு உரிமையில்லை.

புனித சின்னப்பரை நோக்கினோம். கொரிந்து நகரில் அவர் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியருடன் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டார் என்று திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. தெசலோனிக்கருக்கு அவர் எழுதிய முதல் திருமுகம் அந்நகரிலிருந்தே எழுதப்பட்டது என்பது அறிஞர் கருத்து. முரட்டுத்துணி தைத்துக் காய்த்துப்போன அக்கையிலிருந்து பிறந்த எழுத்தை இன்றும் நாம் திருப்பலியில் வாசிக்கிறோம். நம் தமிழகத்திலோ, தமிழின் முதல் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879 இல் வெளியிட்ட கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முனிசீபாகப் பணியாற்றியவர். எழுத்துக்காக வேறொரு தொழிலை மேற்கொள்வது எழுத்துக்குச் செய்யும் துரோகமன்று. அடுப்பெரிய ஒரு தொழில், அகமெரிய ஒரு தொழில் என இரண்டும் ஒரு மனிதரிடம் இருக்கலாம்.

பின்னர் இருவரும் அமர்ந்து சில முடிவுகள் செய்துகொண்டோம். வைகறையில், கோவில் மணி அடிக்கும் வரை ஒரு மணி நேரம் எழுதுவது. ஒரு பக்கமே தேறினும் போதும். திரும்பி வந்த படியை ஒரு வாரம் மூடிவைத்து, பின் அயலான் எழுதியதைப்போல் படித்துத் திருத்தி வேறோர் இதழுக்கு அனுப்புவது. கூலி என்னவென்று வேலை தொடங்குமுன் கூச்சமின்றிக் கேட்பது. வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்று நம் ஆண்டவரே மொழிந்திருக்கிறாரன்றோ! கோபத்திலும் பொறாமையிலும் எழுதியதை அன்றே அனுப்பாதிருப்பது. எழுத இயலாத நாளில் தாளைத் திறந்து வைத்து ஆண்டவர் திருமுன் சும்மாவாயினும் அமர்ந்திருப்பது, அதுவும் செபமே.

எங்கள் பங்கைப் பொறுத்தவரை நான் செய்யவேண்டியதும் ஒன்றிருந்தது. பங்குப் பேரவையைக் கூட்டி, பழைய கணக்கேட்டை விரித்துவைத்து, என் தவற்றை எடுத்துரைத்தேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் பந்தல்காரரே எழுந்து, “என் பந்தலை மறுநாளே பிரித்துவிட்டேன், அவர் நாடகத்தின் வசனத்தை என் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்” என்றார். நாடகத்துக்குரிய ஊதியம் காலந்தாழ்ந்து அவர் வீடு சேர்ந்தது. இனி எழுதுவோர்க்கும் கணக்கில் ஓர் இடம் உண்டென்று தீர்மானமாயிற்று.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் எழுதும் மகனோ மகளோ இருக்கக்கூடும். ‘இதனால் நாலு காசு வருமா?’ என்று முதற்கேள்வியிலேயே அந்த விளக்கை அணைத்துவிடாதீர்கள். ஒரு மேசையும் ஒரு மணி நேர அமைதியும் கொடுங்கள். நல்ல இதழ்களைச் சந்தா செலுத்தி வாங்குங்கள். இரவல் வாங்கிப் படிப்பதால் எந்த அச்சகமும் ஓடாது. ஒரு கட்டுரை உங்களுக்கு ஆறுதலளித்ததாயின், எழுதியவருக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள். கதவிடுக்கில் தாளை நுழைத்துவிட்டு இருளில் நிற்கும் மனிதருக்கு, உள்ளிருந்து ஒரு குரல் கேட்டால் எவ்வளவு ஆறுதல்!

அந்த அன்பர் இப்போது ஓர் அரிசி மண்டியில் பிற்பகல் கணக்கெழுதுகிறார். வாழ்வில் நெருக்கடி தீர்ந்துவிடவில்லை. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை தோறும் மாலையில் சில தாள்களுடன் பங்குமனைக்கு வருகிறார். முதல் வாசகன் நான். சென்ற வாரம் கொண்டுவந்தது, துணைவரை இழந்த முதியோருக்கென எழுதியது. படித்து முடித்ததும், என் தந்தை மறைந்த பின் திண்ணையில் தனியே அமர்ந்திருந்த என் தாயின் முகம் என் கண்முன் வந்தது. தாளை மடித்து அவரிடம் கொடுத்தேன்.

“அனுப்பிவிடுங்கள்” என்றேன். “யாரோ ஒருவர் கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறார்.”