கல்வீட்டுக்குப் பட்டா யார் பேரில்?

ஒரு பென்சிலின் வாசனையை வைத்து ஒரு தேசத்தின் சரித்திரத்தை எழுத முடியுமா? கார்ல் மௌக் எழுதினார்!

மௌக் ஜெர்மன்காரர். ஊர்சுற்றி. 1871ல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போனவர், காட்டுக்குள் ஒரு பிரமாண்டமான கற்கோட்டை முன்னால் போய் நின்றார். சுற்றளவு சுமார் 250 மீட்டர். உயரம் சில இடங்களில் 11 மீட்டர், அதாவது நம்ம ஊர் மூன்று மாடி. சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது. கல்மேல் கல் அடுக்கியே எழுப்பிய சுவர். மனிதர் அசந்துபோனார். வாசலின் மேல்கட்டையிலிருந்து ஒரு சிராயைப் பெயர்த்துப் பார்த்தார். அட, நம்ம பென்சில் மாதிரியே இருக்கிறதே! அப்படியானால் தேவதாரு. தேவதாரு என்றால் லெபனான். லெபனான் மரம் என்றால் சாலமன் காலம். ஆகவே இது பைபிளில் வரும் ஷீபா ராணியின் கோட்டை! (அது உள்ளூர் மரம்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.)

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கதை பலருக்கு ரொம்பத் தேவைப்பட்டது. 1890ல் சிசில் ரோட்ஸின் கம்பெனி அந்த மண்ணைப் பிடித்தது. நாட்டுக்கே அவர் பேரில் ரொடீஷியா என்று பெயர். 'இதைக் கட்டியவர்களே வெளியூர்க்காரர்கள். நாங்களும் வெளியூர்க்காரர்கள். இதில் உனக்கென்னப்பா பாத்தியதை?' என்று மண்ணின் மக்களைக் கேட்க வசதியாகப் போயிற்று.

1895ல் இடிபாடுகளுக்குள் தங்கம் தேடவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் 1902ல் வந்தார் ரிச்சர்ட் ஹால். பாதுகாக்கத்தான் வேலைக்கு வைத்தார்கள். அவரோ, ஆப்பிரிக்கர் வாழ்ந்த மண்ணடுக்குகளைக் 'குப்பை' என்று அடி அடியாக வெட்டி வெளியே கொட்டினார். லெட்ஜரைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'இந்தக் கடையில் வியாபாரமே நடக்கவில்லை' என்று ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி!

1905ல் ராண்டல் மெக்கைவர் என்ற ஆய்வாளர் வந்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்றார். 1929ல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்ஸன் என்ற பெண்மணி மறுபடி தோண்டி அதையே உறுதி செய்தார். இன்றைக்கு ஷோனா மொழி பேசுகிறவர்களின் முன்னோர் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்து கட்டிய தலைநகரம் அது. அவர்களுடைய தங்கமும் தந்தமும் கடற்கரைத் துறைமுகங்களுக்குப் போயின. பதிலுக்கு வந்த சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் மண்ணுக்குள் கிடைத்திருக்கின்றன.

கேட்டார்களா? ஊஹூம்! 1965ல் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக சுதந்திரம் பிரகடனம் செய்தது. 'ஆப்பிரிக்கர் கட்டியது' என்று எழுதுவதே அதற்குப் பிடிக்கவில்லை. நெருக்கடி தாங்காமல் பீட்டர் கார்லேக் என்ற தொல்லியல் அதிகாரி 1970ல் நாட்டை விட்டே போனார். அவரும் வெள்ளைக்காரர்தான்!

நடுவில் 1963ல், ஹ்யூ ட்ரெவர் ரோப்பர் என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர், ஆப்பிரிக்காவுக்குச் சரித்திரமே கிடையாது, அங்கே போன ஐரோப்பியர்களின் சரித்திரம்தான் உண்டு என்ற அர்த்தத்தில் பேசினார். படித்த மேதையே இப்படி!

கோட்டை கட்டினால்தான் பெருமையா, மண் குடிசையில் வாழ்ந்தவனுக்குச் சரித்திரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டன் கட்டிய கோட்டையின் வாசலிலேயே நிறுத்தி, 'உன் பரம்பரைக்குக் கட்டத் தெரியாது' என்று ஒருவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் பதில் சொல்ல அந்த வாசலிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்?

ஆரம்பித்தார்கள். 1961லேயே விடுதலை இயக்கத்தார் தங்கள் கட்சிப் பெயரில் அந்தக் கோட்டையின் பெயரைச் சேர்த்துக் கொண்டார்கள். 'கல் வீடுகள்' என்று அர்த்தம் வரும் ஷோனாச் சொல் அது: ஜிம்பாப்வே. 1980ல் சுதந்திரம் வந்தபோது நாட்டுக்கும் அதுவே பெயராயிற்று. கோட்டையில் கிடைத்த மாக்கல் பறவை கொடியில் ஏறியது.

ஆனால் நிஜப் பறவைகளில் பாதிக்கு மேல் அப்போது தென் ஆப்பிரிக்காவில் இருந்தன! 1981ல் நான்கு பறவைகள் திரும்பி வந்தன. சும்மா கொடுத்துவிடுவார்களா? பண்டமாற்று! ஜிம்பாப்வேயின் மியூசியத்தில் இருந்த தேனீ, குளவி, எறும்பு சேகரிப்பை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

ரோட்ஸ் விலைக்கு வாங்கி, தன் கேப்டவுன் பங்களாவில் வைத்துக்கொண்ட பறவை மட்டும் அந்த நான்கில் இல்லை.