மோட்டார் இல்லாமல் 90 மீட்டர்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தெற்கே, தோட்டத்துக்குள் நீளமாக ஒரு குளம். அதிலிருந்து பீறிட்டு எழும் ஒற்றை நீர்த்தாரை 90 மீட்டர் உயரம் தொட்டதாகப் பதிவு உண்டு. ஏறத்தாழ முப்பது மாடி உயரம்! ஆனால் அதை மேலே தள்ள ஒரு பம்பு கூடக் கிடையாது.

1844இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் விருந்தாளியாக வருவார் என்று எதிர்பார்த்தார், மாளிகையின் சொந்தக்காரரான ஆறாவது டெவன்ஷயர் பிரபு. பேரரசரை அசத்தும்படி ஒரு நீரூற்று வேண்டும் என்றார். அந்த வேலை தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனிடம் வந்தது. பின்னாளில் லண்டனில் கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவர் இவர்தான்.

பாக்ஸ்டன் முதலில் கை வைத்தது தோட்டத்தில் அல்ல, மலையில். மாளிகையைவிடச் சுமார் 110 மீட்டர் உயரத்தில், பொட்டல் மேட்டில் 8 ஏக்கர் ஏரி ஒன்றை வெட்டினார். இரவிலும் தீவெட்டி வெளிச்சத்தில் வேலை நடந்து ஆறே மாதத்தில் முடிந்தது. ஏரியிலிருந்து வார்ப்பிரும்புக் குழாய் கீழே இறங்குகிறது.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாகக் கொட்டுவதும் இதே தத்துவம்தான். ஒவ்வொரு பத்து மீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 110 மீட்டருக்குப் பதினொரு மடங்கு. உராய்வே இல்லையென்றால், முனையில் வெளிப்படும் நீர் மணிக்குச் சுமார் 165 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். ஏரியின் மட்டம்வரை எழும். நிஜத்தில் குழாயின் உராய்வும் காற்றின் தடையும் மீதி உயரத்தைத் தின்றுவிடுகின்றன. குழாய் அகலமாகவும் முனை குறுகலாகவும் இருப்பது அதனால்தான்: அகலக் குழாயில் நீர் மெதுவாக நகரும், உராய்வில் வீணாவது குறையும்; வேகமெல்லாம் கடைசி முனையில் மட்டும் பிறக்கும்.

பேரரசர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பட்டத்தால் வந்த 'எம்பரர்' (பேரரசர்) நீரூற்று என்ற பெயர் மட்டும் நிலைத்தது. முழு உயரத்தில் விட்டால் ஏரி நீர் கட்டுப்படியாகாது என்பதால் வழக்கமாகப் பாதி உயரத்துக்கே விடுகிறார்கள்.

உயரத்தில் தேங்கிய நீர் என்பது சேமித்து வைத்த ஆற்றல். தாரையாக எழுப்பலாம், சக்கரத்தையும் சுழற்றலாம். 1893 முதல் 1936 வரை மாளிகைக்கு மின்சாரம் தந்தது இந்த நீர்ச்சக்திதான். 1988இல் புதிய டர்பைன் ஒன்றைப் பொருத்தி அந்த வேலையை மறுபடி தொடங்கினார்கள். பேரரசருக்காக வெட்டிய ஏரி, மாளிகையின் விளக்குகளுக்கும் உழைத்திருக்கிறது.