சீட்டாட்டத்தில் பிறந்த கணக்கு!
அணு வைத்தியக் காமிராவைச் சோதிக்கும் விந்தை

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டை தறிகள் நிறைந்த ஊர். அங்குள்ள நெசவாளியைக் கேட்டால் சொல்வார்: "அச்சு நெருக்கமாக இருந்தால் துணி நைசாக வரும். ஆனால் நூலும் அதிகம், நாளும் அதிகம். அச்சு அகலமானால் வேலை சீக்கிரம் முடியும். துணி சல்லடை போல இருக்கும்."

அணு வைத்தியத்திலும் இதே தொல்லைதான்!

எக்ஸ்ரே படத்தில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. அணு வைத்தியத்தில் நேர் எதிர். கதிர் வீசும் மருந்தைச் சிறிதளவு ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் 'டெக்னீஷியம் 99-எம்'. 6 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். எலும்பில் சேரும் மருந்தோடு அதைக் கலந்து கொடுத்தால், புற்றுநோய் பரவிய எலும்பில் அதிகமாகச் சேரும். அங்கிருந்து காமா கதிர் வெளியே வரும். அதைப் படம் பிடிப்பதே காமா காமிரா.

இதைச் செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஹால் ஆங்கர். ஆண்டு 1957. 4 அங்குல அகலத்தில் சோடியம் அயோடைடு படிகம். அதன் பின்னால் 7 குழாய்கள். கதிர் விழுந்ததும் படிகம் மினுக்கென்று ஒளிரும். எந்தக் குழாயில் வெளிச்சம் அதிகம் என்று பார்த்து, கதிர் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தார்! இந்தியாவில் பம்பாயில் 1963-ல் இந்த வைத்தியத்துக்கென்றே ஒரு நிலையம் தொடங்கியது. இன்று வேலூரிலும் சென்னையிலும் இந்தக் காமிராக்கள் உண்டு.

ஈயச் சல்லடை

காமா கதிரை லென்சால் வளைக்க முடியாது. ஆகவே படிகத்தின் முன்னே, தேன்கூடு போலத் துளையிட்ட ஈயத் தட்டை வைக்கிறார்கள். நேராக வரும் கதிர்தான் நுழையும். பத்தாயிரம் கதிர் புறப்பட்டால் ஒன்றிரண்டு தேறும்!

துளை சிறிதானால் படம் தெளிவு. ஆனால் நோயாளி ஆடாமல் அசையாமல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும். இல்லையேல் மருந்தை அதிகம் ஏற்றவேண்டும். துளை பெரிதானால் படம் மங்கும். சின்னஞ்சிறு கட்டி கண்ணில் படாமலே போகலாம். உயிர் விஷயம் அல்லவா?

போதாக்குறைக்கு, உடம்பின் தசையில் மோதித் திசை மாறி வரும் கதிர்களும் உண்டு. காமிரா எண்ணுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்த ஊர்சுற்றிகள்தான்!

வெட்டிப் பார்க்காமல்...

ஒவ்வொரு அளவுக்கும் ஈயத்தை வெட்டிப் பார்த்தால் செலவு தாங்காது. இங்கேதான் சீட்டாட்டம் கைகொடுத்தது.

1946-ல் உலாம் என்ற கணித மேதை நோயிலிருந்து தேறி வந்தார். பொழுது போகத் தனியாகச் சீட்டாடினார். ஆட்டம் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு? கணக்குப் போட்டுத் திணறினார். நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணினால் என்ன என்று தோன்றியது! அந்த முறைக்குச் சூதாட்ட நகரமான 'மாண்டி கார்லோ'வின் பெயரையே வைத்தார்கள்.

இன்று கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் நோயாளி, ஒரு பொய்க் காமிரா. கோடிக்கணக்கான கதிர்கள் புறப்படுகின்றன. எந்தத் திசை, எங்கே மோதல் என்பதைக் குலுக்கல் எண்கள் தீர்மானிக்கின்றன. நிஜக் காமிராவில் எது ஊர்சுற்றிக் கதிர் என்று சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொன்றின் ஜாதகமும் கையில்! இதற்காகப் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி அமைத்த 'கேட்' என்ற கணக்குத் திட்டம் 2004-ல் வெளிவந்தது.

கணக்கு மெய்யா, பொய்யா? தண்ணீரில் மருந்து கலந்து, பிளாஸ்டிக் உருளையில் ஊற்றி, நிஜக் காமிராவில் படம் எடுக்கிறார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்டுகிறார்கள். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டே ஈயத்தைத் தாண்டுவதால், கம்ப்யூட்டரும் பெரும்பாலும் வீண் கதிர்களையே துரத்துகிறது. ஒரே படத்துக்குச் சில சமயம் நாள் கணக்கில் ஓடுகிறது!