அறிவிக்கப்பட்ட புயல், அடைக்கப்பட்ட கதவு: வங்கக் கடலின் வடகரை தரும் சட்டப் பாடம்

மார்ச் முதல் ஜூன் வரையிலான நான்கு மாதங்கள் ஒடிசா, மேற்கு வங்கக் கரையோரங்களுக்கு மிகக் கடுமையானவை. கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே, வெப்பமண்டலமும் துணை வெப்பமண்டலமும் சந்திக்கும் இக்கரையில் இளவேனில் முதலில் வெப்பமாகவும், பின்னர் இடியாகவும், இறுதியில் புயலாகவும் வருகிறது. தமிழ்நாட்டைத் தாக்கும் புயல்களில் பெரும்பாலானவை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தைச் சேர்ந்தவை. எனவே சித்திரை, வைகாசிப் புயல்களை நாம் தொலைதூரச் செய்தியாகவே வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால், அந்த வடகரையில் நிகழ்ந்தவை பேரிடர்ச் சட்டத்தையும் சாதியையும் பற்றி நாடு முழுமைக்கும் பொருந்தும் பாடத்தைக் கொண்டுள்ளன.

அப்பாடம் இதுதான்: வானிலை முன்னறிவிப்பு எவ்வளவு துல்லியமாகிறதோ, அவ்வளவுக்கு உயிரிழப்புக்கும் உடைமை இழப்புக்கும் இயற்கையைக் காரணம் காட்டும் வாய்ப்பை அரசு இழக்கிறது. ஒரு வாரத்திற்கு முன்பே அறியப்பட்ட புயலின்போது, சாதியின் பெயரால் ஒரு குடும்பத்திற்குப் புகலிடத்தின் கதவு அடைக்கப்படுமானால், அதைப் பேரிடரின் கணக்கில் எழுத முடியாது. சட்டத்தின் முன் அது குற்றம்.

கோடையின் மூன்று கட்டங்கள்

முதலில் வெப்பம். கரையோரத்தில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடுதலாக இருந்தால் அதை வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுக்கிறது. சமவெளிக்கு இந்த வரம்பு 40 டிகிரி. கடற்காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடுவதில்லை என்பதால், கரையோரத்தில் அதைவிடக் குறைந்த வெப்பமே உடலைத் தாக்கிவிடும். 1998-ஆம் ஆண்டுக் கோடையில் ஒடிசாவில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தனர்.

அடுத்தது இடிப்புயல். சோட்டா நாக்பூர் பீடபூமியின் மீது சூடேறிய வறண்ட காற்றும், வங்கக் கடலிலிருந்து எழும் ஈரக் காற்றும் சந்திக்கும்போது, பிற்பகலில் கருமேகங்கள் திரண்டு வடமேற்கிலிருந்து கடற்கரையை நோக்கிப் பாய்கின்றன. வங்காளத்தில் இதற்குக் ‘கால்பைசாக்கி’ என்று பெயர். நம் சித்திரையோடு பிறக்கும் பைசாக் மாதத்தை ஒட்டி வந்த பெயர் அது. சில நிமிடங்களே நீடிக்கும் அக்காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.-ஐத் தொடுவதுண்டு. அதனோடு வரும் மின்னலே பெரிய கொலையாளி. இந்தியாவில் மின்னல் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் திறந்த வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

மூன்றாவது கட்டம் புயல். ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 29 டிகிரியைத் தாண்டுகிறது. புயல் உருவாக ஏறத்தாழ 26.5 டிகிரியே போதும். மேல்மட்டக் காற்றுக்கும் கீழ்மட்டக் காற்றுக்கும் இடையிலான வேக வேறுபாடும் அப்போது குறைவாக இருப்பதால், தாழ்வு மண்டலம் சிதையாமல் புயலாக வலுப்பெறுகிறது. தென்மேற்குப் பருவமழை முழுமையாகத் தொடங்கியபின் அந்த வேறுபாடு கூடிவிடும். ஆகவேதான் ஜூலை, ஆகஸ்டில் புயல்கள் அரிது. 2009 மே 25-இல் அய்லா, 2019 மே 3-இல் ஃபானி, 2020 மே 20-இல் அம்பன், 2021 மே 26-இல் யாஸ், 2024 மே 26-இல் ரீமால் என்று வடகரையை அடைந்த புயல்களின் நாட்களைப் பார்த்தாலே இக்காலத்தின் இயல்பு விளங்கும். வங்கக் கடலின் தலைப்பகுதி ஆழம் குறைந்து, புனல் போலக் குறுகிச் செல்வதால், புயல் தள்ளிவரும் கடல்நீர் அங்கே உயரமாக எழுகிறது. சுந்தரவனத்தில் மண் கரைகள் உடைந்து வயலுக்குள் புகும் உப்புநீர், புயல் ஓய்ந்தபின்பும் பல பருவங்களுக்கு நெல்லை விளையவிடுவதில்லை.

முன்னறிவிப்பு எதைக் கூறுகிறது?

மார்ச் தொடங்கும் வேளையில் வானிலை ஆய்வுத் துறை கோடைக்கான பருவக் கணிப்பை வெளியிடுகிறது. வெப்பநிலை இயல்பைவிடக் கூடுமா, வெப்ப அலை நாட்கள் எத்தனை, மழை எவ்வாறு இருக்கும் என்பவற்றை அது நிகழ்தகவாகக் கூறும். ‘இயல்பான கோடை’ என்ற சொல்லை நாம் கவனத்துடன் வாசிக்க வேண்டும். அது ஒரு பெரும் பரப்பின் சராசரி. நான்கு மாதங்களில் ஒரே ஒரு புயல் எழுந்து, அது ஒரே ஓர் ஊரின்மீது கரையைக் கடந்தாலும், அவ்வூருக்கு அந்த ஆண்டு இயல்பான ஆண்டாக இராது.

பருவக் கணிப்புக்கு அடுத்த நிலையில், ஒவ்வொரு வியாழக்கிழமையும், அடுத்த இரண்டு வாரங்களில் புயல் உருவாகும் வாய்ப்பு குறித்த அறிக்கை வெளியாகிறது. தாழ்வு மண்டலம் உருவாகிக் கரையை நோக்கி நகரத் தொடங்கினால், படிப்படியான எச்சரிக்கைகள் வருகின்றன: 72 மணி நேரத்திற்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்திற்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்திற்கு முன் ஆரஞ்சு, 12 மணி நேரத்திற்கு முன் சிவப்பு. இவை மாவட்ட ஆட்சியர்களுக்கு அனுப்பப்படுகின்றன. அதாவது, எந்த மாவட்டம் எப்போது பாதிக்கப்படும் என்பது அரசின் கைக்கு எழுத்தில், நேரத்தோடு வந்துசேர்கிறது.

இந்த அமைப்பின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே ஒடிசா தனக்கென ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைத்தது. 800-க்கும் மேற்பட்ட புயல் பாதுகாப்பு மையங்கள் அங்கே எழுந்தன. 2019-இல் ஃபானி வந்தபோது ஏறத்தாழ 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். அம்மாநிலத்தில் இறந்தோர் 64 பேர். உலகமே பாராட்டிய சாதனை அது.

கதவின் இப்பக்கமும் அப்பக்கமும்

அதே ஃபானியின்போது, பூரி மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் பாதுகாப்புக் கட்டடத்திற்குள் அனுமதிக்கப்படவில்லை என்ற செய்தியும் வெளிவந்தது. ஃபானி தாழ்வு மண்டலமாக உருவானது ஏப்ரல் 26-இல். கரையைக் கடந்தது மே 3-இல். ஒரு வாரம் அது கடலில் இருந்தது. எங்கே வரும், எப்போது வரும் என்று செயற்கைக்கோள் அறிந்திருந்தது. கதவைத் திறந்துவிடுவார்களா என்பது மட்டும் அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த விலக்கல் கதவோடு முடிவதில்லை. சேரி பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த நிலத்தில், வாய்க்கால் ஓரத்தில், புறம்போக்கில் இருக்கிறது. பாதுகாப்பு மையமோ பல இடங்களில் ஊருக்குள் இருக்கும் பள்ளிக் கட்டடம். மின்னல் எச்சரிக்கை கைபேசிச் செயலியில் வருகிறது. நாற்று நடும் பெண்ணின் இடுப்பில் கைபேசி இருப்பதில்லை, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

புயலுக்குப் பிந்தைய நிவாரணத்தைப் பாருங்கள். 2022-23 முதல் 2025-26 வரையிலான ஆண்டுகளுக்கு ஒன்றிய அரசு வகுத்த விதிமுறைகளின்படி, சமவெளியில் முற்றாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பட்டா மறுக்கப்பட்ட நிலத்தில், தலைமுறைகளாகக் குடிசையில் வாழ வைக்கப்பட்டவர்களுக்கு, அந்த நிலைமையே இழப்பீட்டைக் குறைக்கும் காரணமாகிவிடுகிறது. அதே விதிமுறைகளில், ஒன்றிய அரசு அறிவித்த 12 பேரிடர்களின் பட்டியலில் புயல் உண்டு. வெப்ப அலையும் மின்னலும் இல்லை. அவற்றுக்கு மாநிலங்கள் தம் நிவாரண நிதியில் 10 விழுக்காட்டுக்குள் செலவிடலாம். ஒடிசா 2015-இல் மின்னலை மாநிலப் பேரிடராக அறிவித்ததால்தான் அங்கே அந்த வழி திறந்தது.

இது ஒடிசாவுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்களிலும் உதவிப் பொருள் வழங்கலிலும் தலித்துகள் விலக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. அங்கே பிணங்களை அகற்ற வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களும் பெரும்பாலும் தலித்துகளே.

சட்டம் என்ன கூறுகிறது?

அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 15(2)-ஆம் உறுப்பு, அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்துவதில் எந்தக் குடிமகனும் சாதியின் பெயரால் தடுக்கப்படலாகாது என்கிறது. புயல் பாதுகாப்பு மையம் அத்தகைய பொது இடமே.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 61-ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டப்படக் கூடாது என்கிறது. நல்ல பிரிவுதான், ஆனால் இதை மீறுவோருக்கெனத் தனித் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. எச்சரிக்கை செய்தல், மக்களை வெளியேற்றுதல் ஆகிய முந்தைய கட்டங்களையும் இப்பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட பிரிவு 3(1)(இசட்ஏ), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்திற்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியரே இப்பிரிவின் கீழான குற்றத்தைச் செய்தால், பிரிவு 3(2)(vii)-இன்படி குறைந்தபட்சத் தண்டனை ஓராண்டு. புகாரைப் பதிவுசெய்யாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரி 4-ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்கு உரியவர். புயல் நேரத்து நெரிசல், குழப்பம் என்ற சமாதானங்களுக்கு இச்சட்டத்தில் இடமில்லை.

இங்கேதான் முன்னறிவிப்பு சாட்சியமாகிறது. முன்கூட்டி அறியத்தக்க தீங்கைத் தடுக்கத் தவறுவது பொறுப்பை உண்டாக்கும் என்பது சட்டத்தின் அடிப்படை. 72 மணி நேரத்திற்கு முன் எழுத்தில் வந்த எச்சரிக்கை, அரசு அறிந்திருந்தது என்பதை நிறுவுகிறது. அப்படியிருந்தும் எந்தக் குடியிருப்புக்கு வாகனம் போகவில்லை, எந்தக் கதவு திறக்கவில்லை என்பதை மட்டுமே நாம் மெய்ப்பிக்க வேண்டும்.

பருவத்திற்கு முன் செய்ய வேண்டியவை

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம், பாதிக்கப்படக்கூடிய பகுதிகளைக் குறிப்பிட வேண்டும் என்றும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும் 31-ஆம் பிரிவு கூறுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் படியைப் பெறுங்கள். சேரியின் பெயர் அதில் இருக்கிறதா, பாதுகாப்பு மையத்திற்கு எவ்வளவு தொலைவு, வழி எது, எத்தனை பேர் தங்கலாம் என்பவற்றைச் சரிபாருங்கள். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் செய்யக்கூடிய பணி இது.

மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பராமரிப்புக் குழுவில் தலித் ஆண்களும் பெண்களும் இடம்பெற வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஒரு சாவி சேரியில் இருக்கட்டும்.

ஒவ்வொரு வீட்டையும் பருவத்திற்கு முன்பே தேதியுடன் படமெடுத்து, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றின் படிகளோடு சேர்த்து வையுங்கள். புயலுக்குப் பின் அது வீடா, குடிசையா என்ற தகராறு எழும்போது இவையே பேசும்.

கண்காணிப்பு அறிவிப்பு வந்த அன்றே, குடியிருப்புகளின் பெயர்களைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு மனு அளித்து ஒப்புகை பெறுங்கள். மறுக்கப்பட்டால் அதை நிவாரணக் கோரிக்கையாக மட்டும் எழுதாமல், இடம், நேரம், சாட்சிகளோடு வன்கொடுமைப் புகாராகவும் கொடுங்கள்.

வடகரையின் புயல் காலம் பருவமழையோடு ஜூனில் ஓய்கிறது. நம் கரையின் காலம் அக்டோபரில் தொடங்குகிறது. இடையில் இருப்பவை ஏறத்தாழ நான்கு மாதங்கள். தகவல் மனுவுக்கு விடை வர 30 நாட்கள்; கிராம சபை கூடும் ஆகஸ்டு 15 அதற்குள்ளாகவே வருகிறது. முதல் மனுவை ஜூனிலேயே அனுப்பினால் காலம் போதும்.